கோப்பைக்குள் ஐந்து கொசுக்கள்

நைமேகன்
பிப்ரவரி 9

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே நீயும் லிம்பானி அத்தானும் குட்டி தியாமிகேயும் சுகந்தானே? இங்கே நம் ஊரையொட்டி ஓடும் வால் ஆறு இன்னும் உறையவில்லை. சைக்கிள் கடையில் சங்கிலி மாட்டி மாட்டி என் விரல்கள்தான் உறைந்துவிட்டன.

போன கடிதத்தில், தியாவுக்கு இரண்டாம் முறையும் மலேரியா வந்து பிழைத்தாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மழையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்குப் புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதிக்கிறார்கள். நோய்நொடி இல்லாத இளவட்டங்கள் இருபது பேர் வேண்டுமாம். முதலில் ஊசி. பிறகு மலேரியாக் கிருமி ஏற்றிய கொசுக்களைக் கொண்டு கடிக்க விடுவார்கள். ஆமாம், வேண்டுமென்றேதான். கொசு தேடி வராத ஊரில் கொசுவைத் தேடிப் போகிறோம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்!

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பள்ளியில் ஊசி போட்ட அன்று விளையாட்டுக் கூடத்தின் மரப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டவன்தான் நான். காதைப் பிடித்து இழுத்து வந்தவள் நீ. அந்தக் கதை போதும் அக்கா, இனி எல்லோரும் வேறு கதை சொல்லுங்கள்.

சோதனையை நடத்துகிற டாக்டர் ஃபெர்ஹூவன் அம்மா கேட்டார்: "எதுக்குச் சேரணும்னு தோணுச்சு?" "எங்கக்கா பொண்ணு மலாவில இருக்கா"ன்னேன். "பயமா இருந்தா எப்ப வேணும்னாலும் விலகலாம்" என்று படிவத்தை நீட்டினார்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. தியாவுக்கு முத்தங்கள்.

உன் தம்பி,
யோரிட்

---

மங்கோச்சி
மார்ச் 1

என் அன்புத் தம்பி யோரிட்,

நாங்கள் நலம். நீ அனுப்பிய கறுப்பு மிட்டாயைத் தியா வாயில் போட்டாள், உடனே துப்பினாள், "மாமா ஏம்மா மருந்து அனுப்புறாரு?" என்று கேட்டாள். மிச்சத்தை நானே தின்றேன்.

உன் கடிதத்தைச் சுகாதார நிலையத்தில் வைத்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். லிம்பானி ஓடி வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "அதுக்கு அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு? இங்க வரச்சொல்லு, மேனி முழுக்கக் கடிக்கும், பேர்கூடக் கேக்காது" என்றார்.

சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. சொல்லிவிடுகிறேன். தியாவை உங்கள் பக்கம், அம்மாவிடம் அனுப்பிவிடலாம் என்று லிம்பானி நச்சரிக்கிறார். "இன்னொரு தடவை வந்தா புள்ள தாங்காது ஹெஸ்டர்" என்கிறார். என்னால் அவளைப் பிரிய முடியாது. இங்கே பிரசவம் பார்க்க இருக்கும் ஒரே ஆள் நான்தான், விட்டுவிட்டு வரவும் முடியாது. உங்கள் சோதனை பலித்தால் அடுத்த கட்டம் இங்குள்ள குழந்தைகளுக்கு; எங்கள் நிலையத்தையும் கேட்டிருக்கிறார்கள். அதுவரை பொறுப்போம் என்று லிம்பானியைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஆகவே தம்பி, நீ நீட்டப்போகும் கை எங்கள் வீட்டுக்காகவும்தான்.

ஒன்றே ஒன்று. பயமாக இருந்தால் விலகிவிடு, தப்பில்லை. இருந்தால் அவர்கள் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

நைமேகன்
ஏப்ரல் 26

அன்பு அக்கா,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். எனக்கு ஊசிகள் முடிந்துவிட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டேன், ஓடவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இருபது பேரில் பத்துப் பேருக்கு நிஜ மருந்து, பத்துப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிற நர்ஸ் அன்னலீனுக்கே தெரியாதாம். இது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கை வலித்தால் 'மருந்துதான்' என்று குதிக்கிறேன். வலி நின்றதும் முகம் தொங்கிவிடுகிறது. கடையில் ஒரு அம்மாளின் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தை முன்னால் மாட்டப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்.

ஜூனில் கொசு. ஜூலையில் நம் ஊர் நான்கு நாள் நடை, அதற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

உன் யோரிட்

---

நைமேகன்
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தான்.

முந்தாநாள் கடித்துவிட்டன. ஐஸ்கிரீம் கோப்பை மாதிரி ஒரு காகிதக் கோப்பை, வாயில் வலை, உள்ளே ஐந்து கொசுக்கள். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் நெட்டையன் வாவுட், மருத்துவம் படிக்கிற பையன், "என் கொசுங்க சாப்பிடவே மாட்டேங்குது, சைவம் போல" என்றான். எல்லோரும் சிரித்தோம். என்னுடையவை ஐந்தும் வயிறு முட்டக் குடித்தன. அன்னலீன் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "பிரமாதம், அஞ்சும் செவப்பு!" என்றாள். பரிசு வாங்கியவன் மாதிரி பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் அக்கா, அந்தச் சிவப்பு கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இப்போது அது எனக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் ஆற்றங்கரைக்குப் போகிறேன், அங்கே போனால் திரும்பி வருகிறேன். இன்று மதியம் கடையிலிருந்து வந்து, அலமாரி மேல் நீ விட்டுப்போன தகரப்பெட்டியை இறக்கினேன், கம்பளி தேடி. ஜூனில் எதற்குக் கம்பளி என்று கேட்காதே.

தியா எப்படி இருக்கிறாள்? மூன்று வாரமாக உன் எழுத்தே இல்லை.

யோரிட்

---

மாவட்ட ஆஸ்பத்திரி
ஜூன் 22

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலையாக இங்கே வந்திருக்கிறேன், கிடைத்த தாளில் எழுதுகிறேன். எல்லாம் பரவாயில்லை. லிம்பானியும் கூட இருக்கிறார்.

உனக்குக் காய்ச்சல் வந்ததா? உள்ளதை எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும், வேறெதுவும் இப்போது மனதில் நிற்கவில்லை.

அக்கா

---

நைமேகன்
ஜூலை 5

அருமை அக்கா!

எல்லோருக்கும் என் அன்பு. கேள்: ஒன்றுமே வரவில்லை! காய்ச்சலுமில்லை, கருமாதியுமில்லை!

ஒவ்வொருவராக விழுந்தார்கள். முதலில் நெட்டையன் வாவுட். காத்திருக்கும் அறையிலேயே நாற்காலியோடு சேர்ந்து நடுங்கினான். விழுந்தவர்களுக்கு அன்றே மருந்து கொடுத்துக் குணமாக்கிவிட்டார்கள். நான் தினமும் போய் இரத்தம் கொடுத்தேன். அன்னலீன் தினமும் அதே கேள்வி கேட்பாள்: "தூக்கம் எப்படி? வாந்தி உண்டா? மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?" நானும் அதே பதிலைச் சொல்வேன். கடைசி நாளில் டாக்டர் ஃபெர்ஹூவன் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் சிரித்தது. எனக்கு விழுந்தது நிஜ மருந்துதான் அக்கா, சந்தேகமே இல்லை!

விழாதவர்களுக்கும் கடைசியில் ஒரு மருந்து கொடுத்தனுப்புகிறார்கள், உள்ளே ஏதாவது பதுங்கியிருந்தால் துடைத்தெடுக்க. வீட்டில் மூன்று நாள் விழுங்கச் சொன்னார்கள். அது வயிற்றைப் புரட்டும் என்று வாவுட் சொல்கிறான். பயிற்சி நடை கெட்டுவிடும். நடை முடியட்டும் என்று பையில் வைத்திருக்கிறேன். நைமேகனில் பிறந்தவன் நான்கு நாள் நடையை வாந்திக்காக விடுவானா?

நாளை வேலையாக மங்கோச்சிக்கு வருகிற இந்த ஆஸ்பத்திரி டாக்டர் கோஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லிம்பானி அத்தானிடம் சொல், இனி தியாவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று.

வெற்றி வீரன்,
யோரிட்

---

மங்கோச்சி
ஜூலை 14

என் கண்ணான தம்பி,

நூறு முத்தம். கோஸ் நாளைக்கே திரும்புகிறார், அவசரமாக எழுதுகிறேன்.

இப்போது சொல்லலாம். ஜூனில் தியாவுக்கு மூன்றாவது முறையாக வந்தது. இந்தத் தடவை மூளைக்கு ஏறிவிட்டது. வலிப்பு வந்தது. அப்புறம் கண்ணே திறக்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம்தான் உனக்கு அந்தத் துண்டுத்தாளில் எழுதினேன். உன் சோதனை நடக்கிற நேரத்தில் உன்னைக் கலக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிழைத்துவிட்டாள். இடது காலை இழுத்து நடக்கிறாள். சில வார்த்தைகள் தொலைந்துவிட்டன. தண்ணீரைக் காட்டி "அது, அது" என்கிறாள்.

அவளை அனுப்பியே தீர்வது என்று லிம்பானி ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து அழுதார். "யோரிட்டுக்கு ஒண்ணும் வரலையா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நிஜம் என்றேன். அனுப்ப வேண்டாம், தடுப்பூசி வரும்வரை இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டோம். உன்னால்தான் என் பிள்ளை என்னோடு இருக்கிறாள்.

ஒரு சின்ன வேலை. என் தகரப்பெட்டியில் பழைய மலேரியா மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். தேதி முடிந்திருக்கும், ஆனாலும் முன்பு எனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை, அதன் பெயர் வேண்டும். கோஸ் ஆகஸ்டில் மறுபடி இங்கே வரும்போது கொடுத்தனுப்பு.

நன்றாக நட. காலுக்குத் தைலம் தடவு.

உன் அக்கா

---

மங்கோச்சி
ஜூலை 23

யோரிட்,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை.

நேற்று தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் போன் பேசுவதென்றால் அந்த ஏணிதான். பின்னால் மேளதாளம், கூச்சல். "நடைல ரெண்டாம் நாள், வைகன்ல இருக்கேன்க்கா, வழக்கம்போல இன்னிக்கு ஊரே ரோஸ் சட்டை போட்டிருக்கு" என்றாய். அதற்குள் உன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது கேட்டது. "என்னடா நடுங்குற?" "மழைல நனைஞ்சுட்டேன். நேத்து நல்லாத்தான் இருந்தேன், அதுக்கு முந்தின நாள் இப்படித்தான்..." ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம். நான் யாரென்று மறந்துவிட்டாயா? தினம் இதைத்தானே பார்க்கிறேன்!

"பையில வச்ச மாத்திரைய முழுங்குனியா?" என்றேன். "என் பெட்டியில இருந்த அட்டை எங்கடா?" என்றும் கேட்டேன். போன் அறுந்ததென்று நினைத்தேன், ஆனால் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. "நடந்தது போதும், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கத்தினேன். அப்புறம்தான் அறுந்தது. கீழே நின்ற சனமெல்லாம் என்னைப் பார்த்தது.

நேற்று மாலையிலிருந்து நாலு தடவை தொட்டி ஏறிவிட்டேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டால் என்ன சொல்வது? இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், கை சும்மா இருக்கவில்லை.

போனாயா? உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி.

ஹெஸ்டர்

---

ஆஸ்பத்திரி, நைமேகன்
ஜூலை 29

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நான் கேட்டு அன்னலீன் உனக்கு அனுப்பிய செய்தி இதற்குள் கிடைத்திருக்கும். நீ கூப்பிட்டு முடித்ததும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு குடும்பம் தங்கள் தோட்டத்து நாற்காலியைத் தூக்கி வந்து என்னை ஏற்றி முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டுபோனது. இரத்தத்தில் மலேரியா. இப்போது இறங்கிவிட்டது.

காய்ச்சல் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. எலும்பைப் பிடித்து யாரோ உலுக்குகிறார்கள். இதைத் தியா மூன்று முறை தாங்கினாளா? அவள் கையளவுதானே இருக்கிறாள்?

உன் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டேன், கடித்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம். தேதி முடிந்த மாத்திரை, அதனால் கிருமியைக் கொல்லாமல் காய்ச்சலைத் தள்ளி மட்டும் வைத்திருக்கிறது போல. ஆனால் அக்கா, தியாவுக்காகத்தான் செய்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து தோற்றுவிடும், உங்கள் பக்கம் வராமல் போய்விடும் என்று நினைத்தேன். ஜெயிக்க வைக்க நினைத்தேன்.

டாக்டரிடம் பையிலிருந்த மாத்திரையை விழுங்காததை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? எல்லாம்தான் முடிந்துவிட்டதே.

யோரிட்

---

மங்கோச்சி
ஆகஸ்ட் 9

யோரிட்,

பிழைத்தாய், அது போதும் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாளிலிருந்து கோபம் கொதிக்கிறது.

சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாய். சாப்பிட வேண்டியதைச் சாப்பிடவில்லை. சரி, மடையன், போகட்டும். ஆனால் ஜெயிக்க வைத்தேன் என்கிறாயே, யோசித்தாயா? உனக்கு விழுந்தது நிஜ மருந்தென்றால், வேலை செய்யாத மருந்தை வேலை செய்ததாகக் காட்டியிருக்கிறாய். அதை நம்பி இங்கே ஆயிரம் பிள்ளைகளுக்குப் போடுவார்கள், அம்மாமார் கொசுவலையைக்கூட மறந்து தூங்குவார்கள். சரி, உனக்கு விழுந்தது உப்புத்தண்ணீர் என்றால்? உப்புத்தண்ணீர் குத்தியவனே நன்றாகத்தான் இருந்தான், அப்புறம் மருந்து எதற்கு என்று மூட்டை கட்டுவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் நீ தள்ளியது என் பிள்ளையைத்தான்.

இன்னொன்று. தியாவுக்காகச் செய்தேன் என்று இனி எழுதாதே. பயந்தாய். கம்பளி தேடினேன் என்று எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பயந்தது குற்றமில்லை, யாரும் பயப்படுவார்கள். உன் பயத்துக்கு என் பிள்ளை பெயரை வைக்காதே.

உன் பொய்யை நம்பி அவளை இங்கேயே வைத்துக்கொண்டேன். லிம்பானியிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொல். சொல்லிவிட்டு எழுது. அதுவரை எழுதாதே.

ஹெஸ்டர்

---

நைமேகன்
ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அன்னலீன் பார்த்துவிட்டாள். "யோரிட்! உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றாள். அப்புறம் ஓட முடியவில்லை. டாக்டர் ஃபெர்ஹூவன் அம்மா முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். "ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார்.

"பயமா இருந்துச்சு. மாத்திரை போட்டதும் பயத்துலதான், சொல்லாததும் பயத்துலதான்."

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஏன்னுகூடக் கேட்டிருக்க மாட்டோம். சேரும்போதே அதைத்தானே சொன்னேன்? கதவு தெறந்துதானே இருந்துச்சு, யோரிட்?"

ஆமாம் அக்கா, திறந்துதான் இருந்தது. நீயும் அதைத்தான் மார்ச்சில் எழுதினாய். மரப்பெட்டிக்குள் ஒளிந்தவன் என்று இன்னொரு தடவை யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காக, அதைவிடப் பெரிய பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். தியா பெயரைச் சொன்னது பொய். மன்னித்துவிடு.

என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று எல்லோரையும் கூப்பிட்டு யாருக்கு எது என்று சொன்னார்கள். எனக்கு உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீர் விழுந்த மற்ற ஒன்பது பேருக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. நிஜ மருந்து விழுந்த பத்தில் ஆறு பேருக்கு வரவில்லை. முழு வெற்றியில்லை, தோல்வியுமில்லை என்கிறார் டாக்டர். அடுத்த கட்டம் உண்டு, ஆனால் உங்கள் பக்கம் வர இரண்டு வருஷமாவது ஆகுமாம். இது உண்மையான கணக்கு.

அத்தானிடம் சொல்லிவிடு. நானே எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

யோரிட்

---

மங்கோச்சி
செப்டம்பர் 15

தம்பி யோரிட்டுக்கு,

நலம். உன் உடம்பு தேறியிருக்குமென்று நம்புகிறேன்.

லிம்பானியிடம் சொன்னேன். எழுந்து வெளியே போனார். ஏரிக்கரையில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, "இரண்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நீ எழுத வேண்டாம். அவர் கோபம் ஆற நாளாகும், ஆறட்டும்.

தியா அங்கே வருகிறாள். அக்டோபரில் கோஸ் அழைத்து வருவார். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது. அதனால் உன் வீட்டில்தான். லிம்பானி வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஏனென்று கேட்டார். டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னானே, அதனால்தான் என்றேன். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, உனக்குத் தெரியட்டும்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அங்கே போடுகிற ஊசிகள் எல்லாம் போட வேண்டும். மூன்று காய்ச்சலிலும் குத்துப்பட்டவள், வெள்ளைச் சட்டையைக் கண்டாலே ஓடி ஒளிகிறாள். போன வாரம்கூட என் நிலையத்தில் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். நான் காதைப் பிடித்து இழுக்கவில்லை. உன்னை இழுத்ததும் தப்பு.

அவள் ஒளிந்தால் நீயும் உள்ளே போ. வலிக்காது என்று சொல்லாதே, வலிக்கும். எனக்கும் பயம்தான் என்று சொல். பிறகு இரண்டு பேரும் வெளியே வாருங்கள்.

தண்ணீருக்கு இன்னும் "அது" என்றுதான் சொல்கிறாள். வார்த்தையை நீ எடுத்துக் கொடுத்துவிடாதே, அவளே தேடட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வை. இடது கால் கொஞ்சம் சின்னது.

உன் அக்கா,
ஹெஸ்டர்